ஸ்டாப்பைத் தள்ளிவைத்த நாள்

என் புருஷன் ஜெனிவால்டோ குடிகாரர் இல்லை, முரடர் இல்லை. அப்படி இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டாவது நிம்மதியாக இருந்திருப்பேன். எங்கள் ஊர் கொன்டாஜெமில் கார் தொழிற்சாலை வேலை போனதும் வீட்டிலிருந்தே பங்கு வியாபாரத்தில் இறங்கினார். முதல் வருடம் நன்றாகச் சூடுபட்டார். பிறகுதான் ஓர் ஒழுங்கு வந்தது. எந்தப் பங்கை வாங்கினாலும், இவ்வளவு விழுந்தால் தானாக விற்றுவிடட்டும் என்று முதலில் ஸ்டாப் லாஸ் போடுவார். விலை அதைத் தொட்டு விற்றுப்போனால் அன்றைக்குக் கடை மூடல். எழுந்து வந்து காப்பி வடிகட்டுவார். வேளைகெட்ட வேளையில் காப்பி மணந்தால் நஷ்டம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"போச்சா?" என்பேன்.

"மோதிரம்தான் போச்சு நீல்சா, விரல் இருக்கு" என்பார்.

சேர்த்ததெல்லாம் ஒரு தரைத்தள வீட்டுக்காக. எங்கள் லூசியானிக்குப் பிறந்ததிலிருந்தே நடக்க வராது. நாங்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத நாலாவது மாடி. வயது வந்த பெண்ணை அப்பாதான் தூக்கிக்கொண்டு இறங்குவார், ஏறுவார். வீடும் பார்த்தாகிவிட்டது. விலைக்குக் கொஞ்சம் பணம்தான் குறைவாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் முழுசாக வேண்டும் என்றார் வீட்டை விற்பவர்.

வியாழக்கிழமை மதியம்வரை காப்பி மணக்கவில்லை. அப்பாடா, நல்ல நாள் என்று சீஸ் உருண்டை சுட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மனிதர் முகத்தில் ரத்தமே இல்லை. விலை ஸ்டாப்பை நெருங்கும்போதெல்லாம் அதை இன்னும் கீழே தள்ளியிருக்கிறார். விழ விழ, தரகு நிறுவனத்தின் கடனில் மேலும் வாங்கிப் போட்டிருக்கிறார்.

"நீ போட்ட ஸ்டாப்பை நீயே நகர்த்தினியா?"

"திரும்பிடும்னு நெனச்சேன். வீட்டுக்குக் கொஞ்சூண்டுதானே கொறஞ்சுது..."

"கொஞ்சூண்டுக்காக மொத்தத்தையும் வச்சியா, பாவி மனுஷா!"

சந்தை மூடுவதற்குள் தரகு நிறுவனமே தன் கடனுக்காக எல்லாவற்றையும் விற்று எடுத்துக்கொண்டது. வீடு வேறு யாருக்கோ போனது.

அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட போட்ட ஸ்டாப்பை நகர்த்தியதில்லை. பாடம் நன்றாகவே ஏறிவிட்டது, யார் இல்லையென்றது? பெண்ணைத் தூக்கும் அவர் இடுப்புதான் காத்திருக்கவில்லை.

போன சனிக்கிழமை கீழே ஜூன் திருவிழா. சொக்கப்பனை கொளுத்திவிட்டார்கள், அக்கார்டியன் சத்தம் மாடிவரை வந்தது. லூசியானியைத் தூக்கக் குனிந்தவர் பாதியிலேயே கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வேணாம்ப்பா" என்றாள் அவள். "எனக்கு இந்தப் புகையே பிடிக்காது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

சாயங்காலமே இரட்டைப் பின்னல் போட்டு, பூப்போட்ட கவுன் உடுத்தி உட்கார்ந்திருந்த பெண். எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உதட்டுச் சாயத்தைப் புறங்கையால் துடைத்தாள்.