கருப்பசாமியின் ரிப்போர்ட்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்காக இல்லை... நண்பன் கருப்பசாமிக்காக. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மனைவி செல்விக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று. அவளிடம் ஒரு குறையும் இல்லை. ஆம்பளை டெஸ்ட் எடுக்க ஆறு வருடம் ஆகியிருக்கிறது. அதுவும் சொந்த ஊரான ராஜபாளையத்தில் எடுத்தால் யாராவது பார்த்துவிடுவார்களாம்!

செட்டியார்பட்டி பக்கம் பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் ஷெட்டில் அவனோடு வேலை பார்த்திருக்கிறேன். எட்டு மாதம். புகை ஒத்துக்கொள்ளவில்லை, வேறு ஊருக்குப் போய்விட்டேன். அவன் பதினோரு வருடமாக அங்கேயே நிற்கிறான். ஓரிடத்தில் தங்காதவன் என்று என்னைத் திட்டாத சொந்தக்காரர் கிடையாது. அதிலும் ஒரு நன்மை இருந்திருக்கிறது போல.

ரிப்போர்ட்டில் ஆண் ஹார்மோன் குறைவு. விந்தணுவும் குறைவு. டாக்டர் வேலையைப் பற்றி விசாரித்துவிட்டு, “டீ எதுல குடிப்பீங்க?” என்றார்.

“பிளாஸ்டிக் கவர்லதான் சார். கொதிக்கக் கொதிக்க ஊத்தி, நூல் சுத்தித் தருவாக. கடை கிளாஸு ஊர் எச்சி... கவர்தான் சுத்தம்.”

பெருமையாகத்தான் சொன்னான்.

டாக்டர் சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் வளைவதற்காகச் சில ரசாயனங்களைச் சேர்க்கிறார்களாம். சூடு பட்டால் கசியும். உருக்கினால் புகையோடு உள்ளே போகும். ஆண் ஹார்மோன் சுரப்பதையே அவை குறைத்துவிடலாம்.

“இது மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கவர் டீயையும் அந்தப் புகையையும் விடுங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்.”

டீயை விடலாம். வேலையை?

பஸ் ஸ்டாண்டில் ரிப்போர்ட்டைக் காட்டிக் கருப்பசாமி கேட்டான்: “அண்ணே, இதைக் கிழிச்சுப் போட்டுரவா?”

“கிழிச்சா ஹார்மோன் ஏறிருமாலே?”

ராஜபாளையம் வரை ரிப்போர்ட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலிலேயே அவன் அம்மாவின் குரல் கேட்டது. “ஏட்டி செல்வி, வெள்ளிக்கெழம கோயில்ல மண்சோறு திங்கணும். மறந்துராத!”

பிள்ளை வரம் கேட்டு, வெறுந்தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடும் வேண்டுதல். செல்வி ஏற்கெனவே மூன்று முறை சாப்பிட்டவள்.

கருப்பசாமி ரிப்போர்ட்டை அம்மா முன்னால் வைத்தான். “அவ இனிமே திங்க மாட்டா. கோளாறு எங்கிட்டதான்.”

“மெதுவாப் பேசுலே... பக்கத்து வீட்டுல கேக்கப் போவுது!”

“கேக்கட்டும். அவளை மலடின்னு சொல்லுதப்ப தெருவுக்கே கேட்டுச்சே... அப்ப?”