மூன்று மொழியில் மூன்று கோடு

கோடு போடுகிற அந்த அடிமட்டத்தின் ஒரு விளிம்பு முழுக்க நீலம். மரத்தில் செய்தது. நடுவில் எங்கேயோ அடிபட்டு ஒரு சின்னப் பல் விழுந்திருக்கும். மோர்னிங்சைட்டில் புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அலுவலகமொன்றில் நான் பகுதிநேரமாக வேலை செய்த காலம் அது. அன்ரி என்றுதான் அவவைக் கூப்பிடுவேன், சொந்தமில்லை. படிவம் நிரப்ப முதல்முறை வந்தபோது கைப்பைக்குள் இருந்த கடவுச்சீட்டு, தண்ணீர்ப் போத்தல், மூக்குக்கண்ணாடிக் கூடு எல்லாவற்றோடும் அதையும் எடுத்து என் மேசையில் வைத்தா.

"உது என்ன அன்ரி, கனடாவுக்கு அடிமட்டத்தோடையோ வந்தனீங்கள்?"

"ஓம். இஞ்சை எல்லாம் நேராயிருக்கும் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

அன்ரி திருகோணமலைக்காரி. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைந்திருந்தபோது இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆளுநர். அவருடைய செயலகத்தில் அன்ரி மொழிபெயர்ப்பாளர். பிறகு அந்த இணைப்புச் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. மாகாணம் இரண்டானது, இரண்டுக்கும் பொதுவான அந்த ஆளுநர் பதவி இல்லாமல் போனது. நானோ பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். இல்லாமல் போன ஒரு பதவி, அதன் செயலகத்துக்குள்ளேயே இருந்துவிட்டு வந்த ஆள், அதுவும் என் மேசைக்கு முன்னால்! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படிவத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கேட்கத் தொடங்கினேன். ஆளுநர் எப்படியானவர், கடைசி நாள் எப்படி இருந்தது, ஆராவது அழுதவையோ? "ஆளுநர்மார் வருவினம், போவினம். எங்களுக்கு ஃபைல்தான் ஆளுநர். நீர் முதல் உந்தப் படிவத்தை நிரப்பும்," என்றா.

ஆனால் ஒன்றைத் தானாகவே சொன்னா. மாகாணம் பிரிந்தபோது பழைய பெயர் அச்சடித்த கடிதத்தாள் கட்டுக்கட்டாக மிஞ்சியிருந்ததாம். வீசவா முடியும்? அன்ரியின் பிரிவு கிழக்கோடு நின்றுவிட்டதால், 'வடக்கு-கிழக்கு' என்றதில் வடக்கையும் நடுவிலிருந்த சிறுகோட்டையும் வெட்டவேண்டும். சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று தாளுக்கு மூன்று கோடு. "அந்தச் சின்னக் கோட்டை இல்லாமல் பண்ண எவ்வளவு பெரிய கோடெல்லாம் போட்டம்," என்று சிரித்தா. அதற்கும் ஒரு முறை இருந்தது. ஒரேயொரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். கோட்டுக்குக் கீழே பழைய பெயர் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். சுரண்டக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. "வெட்டலாம், அழிக்கேலாது. அழிச்சால் கள்ளக் கடிதம்." நான் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடும் இட்டேன். எழுதியதோடு சரி.

அப்போது அன்ரி ஒஷாவாவில் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தா. மொழிபெயர்ப்பாளராகப் பதிய விண்ணப்பித்திருந்தா. பதிவுசெய்யும் இடத்தில் பழைய வேலைக்கு அத்தாட்சி கேட்டார்கள். கையிலிருந்தது ஒரேயொரு சேவைக் கடிதம். அதுவும் அப்படி வெட்டிய தாளில்தான் அடிக்கப்பட்டிருந்தது. தலைப்பில் மூன்று நீலக் கோடு, மூன்றும் அடிமட்டத்தில் பல் விழுந்த அதே இடத்தில் கொஞ்சம் நெளிந்திருந்தன. பக்கத்தில் அன்ரியின் சுருக்கொப்பம். அனுப்பினோம். வெட்டுத்திருத்தம் உள்ள ஆவணத்தை ஏற்கமாட்டோம், வெள்ளிக்கிழமைக்குள் வேறு கடிதம் வேண்டும் என்று பதில் வந்தது. இல்லாத அலுவலகத்திடம் யார் போய்க் கடிதம் கேட்பது? "என்ரை வேலைக்கு நானே வெட்டுப் போட்டிருக்கிறன், பாரும்," என்றா அன்ரி. இந்தமுறை சிரிக்கவில்லை.

நான் அந்தப் பதவியின் வரலாற்றை மூன்று பக்கத்தில் விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் எனக்கே அலுப்பாக இருந்தது. வெள்ளி மத்தியானம் கடிதத்தை ஸ்கான் செய்து, கணினியில் மூன்று கோட்டையும் துடைத்து, சுருக்கொப்பத்தையும் துடைத்து அனுப்பிவிட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சந்தோசத்தில் உடனே அன்ரிக்குப் போன் எடுத்து, வெட்டில்லாத பிரதி அனுப்பியாயிற்று என்றேன்.

"கோட்டை எங்கை விட்டனீர்?"

"எடுத்திட்டன் அன்ரி. இப்ப நல்ல கிளீன்."

"இவ்வளவு நாளும் அது நல்ல கடிதம். இப்பதான் கள்ளக் கடிதம்," என்று சொல்லி வைத்துவிட்டா.

அன்றைக்கே அன்ரி அவர்களுக்கு எழுதினா. மூலக் கடிதத்தில் கோடுகள் உண்டு, அனுப்பிய பிரதியில் இல்லை, பிரதி தன் பெயரில் வந்தது, பொறுப்பும் தன்னுடையது என்று. என் பெயரை எங்கும் சொல்லவில்லை. விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். பத்திரங்களை எடுக்க வந்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன். அன்ரி ஒஷாவா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றா. போனபிறகுதான் அடிமட்டம் மேசையில் கிடப்பதைப் பார்த்தேன். திருப்பிக் கொடுக்கப் போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

இப்போது எனக்கு மிசிசாகாவில் வேலை. ஒரு கம்பனியின் ஆவணங்களைச் சரிபார்க்கிற வேலை, சிரிக்காதீர்கள். போன மாதம் கம்பனி பெயர் மாற்றியது. சாப்பிட்டுவிட்டு வந்து கணினியைத் திறந்தால் பழைய பெயர் ஒரு இடத்திலும் இல்லை, பழைய கடிதங்களில்கூட. யாரும் ஒரு கோடும் போடவில்லை. மற்றவர்கள் புது லோகோவின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாற்காலியில் இருக்கமுடியவில்லை.

அந்தக் கிழமைதான் அன்ரியிடமிருந்து வட்ஸ்அப் வந்தது. "திரும்ப விண்ணப்பிக்கிறன். முந்திப் பிரதி ஏன் மாறினது எண்டு கேக்கினம். இந்தமுறை உம்மடை பேரைச் சொல்லலாமோ?" 'ஓம்' என்று அடித்தேன், அழித்தேன். திரும்ப அடித்தேன். ஆவணம் சரிபார்க்கிற ஆள் ஆவணத்தில் கைவைத்தவர் என்று தெரிந்தால் என் வேலை என்னாகும்? எழும்பி நடந்தேன், தேத்தண்ணி போட்டேன், குடிக்க மறந்தேன். பிறகு ஒரு தாளை எடுத்து வாக்குமூலத்தை முதலில் தமிழில், கையால் எழுதினேன். ஆங்கிலத்தில் என்றால் 'எடிட்' என்ற சொல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். தமிழிலும் வழுக்கத்தான் செய்தது. 'கடிதத்தின் பிரதியை நான் திருத்தினேன்' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன்.

மேசை லாச்சியைத் திறந்து அடிமட்டத்தை எடுத்தேன். 'திருத்தினேன்' மேல் ஒரேயொரு கோடு. மேலே 'அழித்தேன்'. பக்கத்தில் என் சுருக்கொப்பம். கீழே பெயரையும் எழுதி, படமெடுத்து அன்ரிக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. "கோட்டிலை நெளிவு கிடக்கு. என்ரை அடிமட்டம் உம்மட்டைதான் கிடக்குது. கொண்டுவந்து தாரும்."