பழைய போர்ட்ரானை அழித்த காலை

தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பில் இருந்தது. நான்கு மெஷின்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் போர்ட்ரான் இருந்தது; பெரிய கணக்குகளுக்கு எழுதும் புரோகிராம்களை ஓடவைக்கும் மென்பொருள். அதை நம்பியிருந்தவர் இயற்பியல் பேராசிரியர் ஒருவர். திருச்சுழிக்காரர், ஐம்பதை நெருங்கியவர். சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குவதைக் கணக்கிட்டு டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி அவகாசத்தில் மூன்று வாரம்தான் மிச்சம்.

அப்போதுதான் போர்ட்ரானின் புதுப் பதிப்பு பதினொரு பிளாப்பிகளில் வந்து சேர்ந்தது.

"போடுங்க, வேண்டாங்கல. ஆனா பழசு மேல மட்டும் கை வச்சிராதீக. என் வேலை முடியட்டும்," என்றார்.

"தனியாத்தான் சார் போடுவேன்."

மறுநாள் காலை அவர் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்தேன். டிஸ்கில் இடம் போதவில்லை. பழைய பதிப்பை நீக்கட்டுமா என்று திரை கேட்டது. அவர் வருவதற்குள் புதுசு ஓடிவிடும் என்ற நினைப்பில், சரி என்று தட்டினேன். ஏழாவது பிளாப்பியை மெஷின் படிக்கவில்லை. எத்தனை தடவை போட்டாலும் கரகரவென்ற சத்தம்தான். பழைய பதிப்பின் பிளாப்பிகளையோ, மாணவர்கள் உபயோகத்துக்கென்று நானே முன்பு அழித்துக் கொடுத்திருந்தேன்.

வகுப்பு முடிந்து வந்தவரிடம் சொன்னேன்.

"என் புரோகிராம் இருக்கா?"

"இருக்கு சார். ஓட்டத்தான் முடியாது."

மாற்று பிளாப்பி மதுரையிலிருந்து வர இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை கால்குலேட்டரை வைத்துக்கொண்டு கையாலேயே போட்டுப் பார்த்தார். இரண்டு கிணறுகளுக்கு மேல் நகரவில்லை. புதுப் பதிப்பில் ஓட்டியபோது எண்கள் அவருடைய பழைய அட்டவணைகளோடு ஒத்துப்போகவில்லை. நான்கு வருட உழைப்பில் எது சரி, எது தப்பு என்று அவருக்கே தெரியவில்லை. இருவரும் வரிவரியாகத் தேடினோம். ஓரிடத்தில் தொடக்க மதிப்பு கொடுக்காமல் விட்டிருந்தார். பழைய பதிப்பு அதைத் தானாகப் பூஜ்யமென்று எடுத்துக்கொண்டிருந்தது; அங்கே வரவேண்டியதும் பூஜ்யம்தான். ஆக, பழைய எண்களே சரி. அது தெரிந்தபோது கெடு முடிந்து நான்கு நாளாகியிருந்தது.

"என்னாலதான் சார்," என்றேன்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவருடைய ஆய்வுப் பதிவு ரத்தானதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பட்டம் இல்லாமலேயே ஓய்வுபெற்றார். பாளையம்பட்டி பஸ்ஸில் என்னைப் பார்த்தால் நகர்ந்து இடம் கொடுப்பார். அவர் இருக்கிறார் என்று தெரிந்தால் நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுவிடுவேன்.