சார் ஓகே சொல்லிட்டார்

எங்கள் வண்டிக்கு ஒரே ஒரு வியாதிதான். வெயிலில் நன்றாகச் சூடேறி, ஏசி ஓடிக்கொண்டிருக்க, நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். சாவியைத் திருகினால் உள்ளே ஏதோ சுற்றும், பற்றிக்கொள்ளாது. கொஞ்ச நேரம் ஆறப்போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். அப்படிக் கிளம்பிவிடுவதால்தான் நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

வண்டி என் கணவர் பேரில் இருக்கிறது. பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இவர் ‘பீஸ் ஓகே’ என்றால்தான் ஒரு பம்பு கேட்டைத் தாண்டும். லேசில் சொல்ல மாட்டார். வீட்டிலும் அதே கெடுபிடி. நான் வைத்த ரசம் ஒரு நாளும் ஓகே ஆனதில்லை. புளி தூக்கல், இல்லையென்றால் மிளகு கம்மி. இப்போது எல்லாமே ஓகே. உப்புப் போடாத ரசம் ஓகே, திருப்பிப் போட்ட பனியன் ஓகே. சமைத்ததைப் பாராட்டிக் கேட்க வேண்டும் என்று இத்தனை வருஷம் ஆசைப்பட்டேன், கிடைத்துவிட்டது.

டாக்டர் அதற்கு நீளமான ஒரு பேர் சொன்னார். ஊருக்கு நான் சொன்ன பேர் வேறு. இவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்றேன். மயிலாப்பூரில் ஒரு விஷயத்தைத் தெற்கு மாட வீதியில் சொன்னால், கோவிலைச் சுற்றி நாம் வடக்கு மாட வீதிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அங்கே காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும். புத்தி தடுமாறுகிறது என்று தெரிந்தால் இவர் எதிரிலேயே உச்சுக் கொட்டுவார்கள். காது மந்தம் என்றால் மரியாதை போகாது. அதனால் பார்க்கிறவர்கள் எல்லாம் இவர் காதருகே வந்து கத்த ஆரம்பித்தார்கள். நன்றாகக் கேட்கிற காது. ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுப் பிறகு சிரிப்பார்.

சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போதுதான் கஷ்டம். சொந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு செருப்பைத் தேடுவார். என்னை வாடி போடி என்று அழைத்த மனுஷர், இப்போது விருந்துக்கு வந்தவர் மாதிரி எழுந்து நின்று, “ரொம்ப நாழியாயிடுத்து. ஆத்துல தேடுவா. நான் கிளம்பட்டுமா?” என்று கேட்பார். இதுதான் உங்க ஆம், நம்ம வீடு என்று சொன்னால் பதறுவார், கதவைப் போட்டுக் குலுக்குவார். ஒருநாள் வேறு வழியில்லாமல் வண்டியில் ஏற்றினேன். மந்தைவெளி, அடையாறு பாலம், பெசன்ட் நகர். கடலுக்கு எதிரே நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம். அதே வாசல், அதே சோபா. “அப்பாடா, ஆத்துக்கு வந்தாச்சு” என்று உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் அதுதான் மருந்து.

ஆட்டோவில் கூட்டிப் போய்ப் பார்த்தேன். திரும்பி வந்ததும் இது யாராத்து வாசல் என்று கேட்டார். இதே வண்டியில் பின் சீட்டில் உட்கார வைத்தால் என்னை டிரைவர் என்று நினைத்து, கம்பெனிக்கு வழி சொல்ல ஆரம்பித்தார். இந்த வண்டி, இந்த முன் சீட்டு, இடது பக்கம். அது மட்டும்தான் இவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

வண்டி முதல் தடவை நின்றது அடையாறு பாலத்தின் மேல். மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்து ரோட்டைப் பாதியாக்கியிருந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரனில் கையை வைத்தபடி என் பரம்பரையையே விசாரித்தார்கள். நான் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது இடது பக்கக் கதவு திறந்த சத்தம் கேட்டது. வண்டி நின்றால் இவருக்கு அது வந்து சேர்ந்த இடம். இறங்கி, இரண்டு பஸ்களுக்கு நடுவே வீட்டைத் தேடி நடந்தார். ஒரு ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே போட்டு, இவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

“இன்னா மேடம், பெரியவரு பாட்டுக்கு நடுரோட்ல போய்க்கினு கீறாரு. வுட்டா பஸ்ல மாட்டிக்குவாரு. கண்டுக்கினு இருக்க மாட்டியா?”

காது கேட்காது என்று அவரிடமும் சொன்னேன். கண்ணும் தெரியாதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வண்டி வாங்கியபோது தி. நகர் ஷோரூமில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிடுவதற்கே ஒரு ஆள். சாவி மாதிரி வெட்டிய பெரிய அட்டையைக் கையில் கொடுத்துப் படம் எடுத்து, கேக் வெட்டி, சக்கரத்துக்கு அடியில் அவர்களே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ரிப்பேர் என்றால் அந்தக் கதவு இல்லை. கிண்டியில் தகரக் கூரைப் பட்டறை. அதன் முன்பக்கம் மட்டும் ஏசி, சோபா, சத்தமில்லாமல் ஓடுகிற டிவி. வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரன்டி போய்விடும் என்று ஆரம்பத்திலேயே பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் அங்கேதான் போனேன். இவரைத் தனியாக விட முடியாது என்பதால் இவரும் வந்தார்.

கழுத்தில் டை, கையில் டேப்லெட்டோடு சர்வீஸ் அட்வைசர் ஒரு பையன் வந்தான். இவரைப் பார்த்து, “குட் மார்னிங் சார்” என்றான். பிரச்சினையைச் சொன்னது நான். எப்போது நிற்கிறது, எவ்வளவு சூட்டில், திரும்ப எப்போது கிளம்புகிறது என்று எல்லாம் விளக்கினேன். அவன் இவரைப் பார்த்தே தலையாட்டிக்கொண்டிருந்தான். காது மந்தம் என்றதும் குனிந்து, “நாங்க பாத்துக்கறோம் சார்!” என்று கத்தினான். இவர் திடுக்கிட்டு, சிரித்து, ஓகே என்றார்.

சாயங்காலம் அந்தப் பையனே வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். காலையில் ஓட்டிப் பார்த்தார்களாம், சூப்பராக இருக்கிறதாம். நுரை போட்டு சீட்டைக் கழுவியிருந்தார்கள், எலி வராமல் இருக்க மருந்து அடித்திருந்தார்கள், மல்லிகை வாசனை வேறு. இதையெல்லாம் யார் கேட்டது என்றேன். “சார் ஓகே சொல்லிட்டார் மேடம்” என்றான்.

அவர்களிடம் இருந்த போன் நம்பர் இவருடையது. அவர்கள் இவருக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். மதியம் நான் சமையலறையில் இருந்தபோது கேட்டேன்தான். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, “சொல்லுங்கோ… ஐ ஸீ… ஓகே, ப்ரொசீட்” என்றார். பழைய குரல். ஆபீஸ் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இவரை சார் என்று அழைத்து அபிப்பிராயம் கேட்க உலகத்தில் அந்தப் பட்டறை ஒன்றுதான் மிச்சம். போன் வந்த அன்று முழுக்க முகம் தெளிவாக இருக்கும். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஏதோ தகவல் சொல்கிறார்கள், சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

வண்டி மறுபடி நின்றது. மறுபடி கிண்டி. பேட்டரியை மாற்றினார்கள், பெட்ரோல் கலப்படம் என்றார்கள். திரும்ப வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அடையாறு சிக்னலில் அணைந்தது. இந்தத் தடவை கதவு திறப்பதற்குள் சட்டையைப் பிடித்துவிட்டேன். யாரோ அந்நியப் பெண் தன்னைப் பிடித்து இழுக்கிறாள் என்று பயந்து, அவர் என் கையைத் தட்டித் தட்டி விட்டார். பட்டன்கள் தெறித்து விழுந்தன. பக்கத்து பைக்கில் இருந்தவன் அதைப் போனில் படம் எடுத்தான். எனக்கு அழுகை வரவில்லை, அந்தப் பட்டறைப் பையனின் டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போலத்தான் இருந்தது.

மறுநாள் காலையே இவரையும் கூட்டிக்கொண்டு பட்டறையில் போய் நின்றேன். சோபாக்கள் நிறைய ஆட்கள். வண்டி இன்னும் நிற்கிறது, நடுரோட்டில் ஒரு உயிர் போகப் பார்த்தது என்றேன். அட்வைசர் டேப்லெட்டைத் தடவிப் பார்த்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

“நீங்க சொன்ன கம்ப்ளெயின்ட்டை ரெண்டு தடவையும் ஓனர்கிட்ட கன்ஃபர்ம் பண்ணித்தான் மேடம் க்ளோஸ் பண்ணோம். வண்டி ஓடும்போது நிக்குதான்னு கேட்டோம். அப்படி ஒண்ணும் இல்ல, வண்டி ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சார் சொன்னார்.”

அப்போதுதான் புரிந்தது. நான் எழுதவைத்த குறையை ஒவ்வொரு தடவையும் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இவர் அடித்துவிட்டிருக்கிறார். அவர்கள் அந்த வண்டியைச் சூடேற்றிப் பார்க்கவே இல்லை. அவன் குனிந்து, இவர் காதில் முழுத் தொண்டையில், “சார்! வண்டி எப்பவாவது நின்னுச்சா சார்?” என்றான்.

இவர் நிமிர்ந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கம்பெனியில் பம்பு முன்னால் நின்ற மாதிரியே நின்று, “நெவர். பீஸ் ஓகே” என்றார்.

பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். லேடீஸ் ஓட்டும்போது கிளட்ச்சைச் சரியாக விடாவிட்டால் சில சமயம் ஆஃப் ஆகும் என்று, சோபாவில் இருந்த ஆண்கள் எல்லோரும் கேட்கும்படி விளக்கினான். இரண்டு பேர் ஆமோதித்தார்கள்.

“இவர் சொல்றதை எழுதாதே, நான் சொல்றதை எழுது” என்றேன். “இவருக்குக் காது நன்னாவே கேக்கறது. புத்திதான் போயிடுத்து. பொண்டாட்டி பேர் கூடத் தெரியாது. வேணும்னா கேட்டுப் பாரு.”

கத்தவில்லை. அந்த மாதிரி இடத்தில் மெதுவாகச் சொன்னால்தான் எல்லோருக்கும் கேட்கும். பையன் கேட்கவில்லை, பாவம், தரையைப் பார்த்தான். ஆனால் கேள்வி இவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். பரீட்சையில் உட்கார்ந்தவர் மாதிரி என் முகத்தை நிதானமாகத் தேடினார். உதடு அசைந்தது. “மிஸஸ்…” என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் உச்சுக் கொட்டினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மேனேஜர் வந்து என்னை உள்ளே உட்கார வைத்தார். வண்டியை மத்தியான வெயிலில், கத்திப்பாரா நெரிசலில், ஏசி போட்டு ஓட்டினார்கள். அவர்கள் கையிலேயே நின்றது. இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்த்துச் சொல்கிற ஒரு சென்சாராம், கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சூடானால் வேலையை விட்டுவிடுகிறதாம். மாற்றிவிட்டார்கள். முதல் நாளே செய்திருக்கக்கூடிய வேலை. இவரிடம் யாரும் கத்தவில்லை; யாரும் பேசவும் இல்லை. எல்லோரும் என்னையே மேடம் என்று அழைத்து, என்னிடமே கேட்டார்கள். அந்த மரியாதை எனக்குத் தேவைப்பட்டது. அதை வாங்குவதற்கு இவரைக் கொடுத்தேன், வேறு எதையும் அந்த இடத்தில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இன்றைக்குப் போய் நிற்கச் சொன்னாலும் அதையேதான் சொல்வேன்.

வண்டி அதற்குப் பிறகு நிற்கவில்லை. சில நாட்கள் கழித்து ஒரு சாயங்காலம், பெசன்ட் நகரில் வழக்கமான இடத்தில் நிறுத்தியிருந்தேன். எங்கள் எதிரே சுண்டல் வண்டி, கால் நனைத்துவிட்டு வருகிற கூட்டம். இவர் அதையெல்லாம் பார்த்தபடி இருந்தார். பட்டறையில் நடந்தது ஞாபகம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் சாப்பிட்டதே ஞாபகம் இருப்பதில்லையே.

சட்டைப் பையில் போன் அடித்தது. இவர் எடுத்தார். நிமிர்ந்து உட்காரவில்லை, “சொல்லுங்கோ” என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் சொன்னதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார் இல்லம்மா” என்றார். “போயிட்டார்.”

பிறகு போனை என் மடியில் வைத்துவிட்டு, மறுபடி கடலைப் பார்த்தார். எடுத்துக் காதில் வைத்தேன். சர்வீஸ் எப்படி என்று கேட்கக் கூப்பிட்ட பெண். “ஸாரி மேடம், எங்களுக்குத் தெரியாது. சார் எப்போ மேடம்…?” என்றாள்.

இப்போதுதான், கொஞ்ச நாள் ஆகிறது என்றேன்.

அவள் இரண்டு நிமிஷம் ஆறுதல் சொன்னாள். நல்ல பெண். அப்புறம் தயங்கித் தயங்கி, இந்த நேரத்தில் கேட்கக் கூடாதுதான், ஆனால் கேட்டே ஆக வேண்டும், வண்டி வேலைக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் கொடுப்பீர்கள் என்றாள்.

“பத்து” என்றேன். பக்கத்தில் இருந்த இவருக்கும் கேட்டிருக்கும்.