தோற்ற மசோதாவின் சொந்தக்காரர்

சவரிமுத்து அண்ணன் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார், உடல் ரயிலில் வருகிறது என்று பாம்பன் பங்குச் சாமியார் ஆள் அனுப்பியபோது, நான் ராமநாதபுரம் முன்சீப் கோர்ட்டில் ஒரு வரப்புத் தகராறில் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீதிபதி என்னவென்று கேட்டார். வாய்தா வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நம் கடற்கரை அவரை ‘மேல்சபை’ என்றே கூப்பிட்டது. சென்னை மேல்சபையில் அவர் உறுப்பினராக இருந்த காலம் முழுவதும், அவர் கொண்டுபோன மசோதாக்களுக்கு வாசகம் எழுதியவன் நான். உப்பளத்தில் நிழல் கொட்டகை, பாம்பன் தீவுக்கு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி என்று எத்தனையோ எழுதினோம். மந்திரி எழுந்து ‘ஆவன செய்யப்படும்’ என்பார். அப்படிச் சொல்லிவிட்டால் தனி உறுப்பினர் தன் மசோதாவை வாபஸ் வாங்கிவிடுவது சபை மரியாதை. அண்ணனும் வாங்கிக்கொள்வார். “இப்ப மசோதாவைவிட வாபஸ் நல்லா எழுத வருதுண்ணே” என்று கிண்டல் செய்வேன். சிரிப்பார். சாயல்குடி உப்பளத்தில் இன்றைக்கும் வெயில்தான்.

ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. பாம்பனில் பிலோமினாள் என்ற பெண்ணின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. வீட்டு மனைப் பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ் கணவரின் கையெழுத்தைக் கேட்டது. அவர் இல்லை என்றால் இறப்புச் சான்று கேட்டது. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி ஏழு வருடம் ஆக வேண்டும். கடலில் போனவர்களுக்கு அதை ஒரு வருடமாகக் குறைத்து மசோதா எழுதினோம். அவளுக்கு அதை வாசித்துக்காட்ட அண்ணனோடு நானும் போனேன். எனக்குப் பெருமை வேறு.

“பட்டா வேணுந்தான்” என்றாள் பிலோமினாள். “அதுக்காக நான் கேக்காமலே அவுகளச் செத்தவுகளாக்கிருவீகளா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நல்லது செய்யப் போனால் இப்படியா என்று ரயிலில் பொருமிக்கொண்டே வந்தேன். பாலம் தாண்டும்வரை அண்ணன் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். மண்டபம் வந்ததும், “‘மனைவி கேட்டால் மட்டும்’னு ஒரு வரி சேத்துரு வக்கீலு” என்றார். “அவ சொன்ன பிறகுதான் அவன் சாகணும். அதைச் சொல்ல நாம யாரு?”

அந்த மசோதாவுக்கும் மந்திரி ‘ஆவன செய்யப்படும்’ என்றார். வாபஸ் வாங்க மாட்டேன் என்று அண்ணன் நின்றுவிட்டார். சொந்தக் கட்சிக்காரரே சட்டையைப் பிடித்து இழுத்தாராம். ஓட்டுக்கு விட்டார்கள், தோற்றது. “‘ஆம்’னு என் ஒரு குரல்தான் வக்கீலு. ஆனா சபை பூரா கேட்டுச்சு” என்று ஊர் வந்து சொன்னார். அடுத்த முறை கட்சி அவருக்கு இடம் தரவில்லை. நான் கொதித்தேன். அவர் சாதாரணமாக, “வேற யாராச்சும் போவாக. நீ பேனா மையக் காயவிடாத” என்றார். கடைசியில் அவர் பெயர் சொல்ல ஒரு சட்டமும் இல்லை.

பாம்பன் கல்லறையில் பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். பிலோமினாளும் போட்டாள். போட்டவள் நகரவில்லை, குனிந்து இன்னொரு பிடி அள்ளினாள்.

“இது எங்க வீட்டு ஆளுக்கு” என்றாள்.

அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். மண்ணைப் போட்டுவிட்டு, கையைக்கூடத் தட்டாமல் என் பக்கம் திரும்பினாள்.

“இப்பக் கேக்குறேன் வக்கீலய்யா. எழுதிக் குடுங்க.”

ஏழு வருடம் இன்னும் முடியவில்லை. கொடுக்கச் சட்டம் இல்லை. எழுந்து நின்று கேட்க அண்ணனும் இல்லை. அவரை அறிந்தவர்களே, உங்களிடம் அவருடைய சிரிப்பு இருக்கும், பேச்சு இருக்கும். எனக்கு அவர் விட்டுப்போனது மண் ஒட்டிய அந்தக் கையைத்தான். தாங்க முடியவில்லை அண்ணே. அவள் கேட்டுவிட்டாள், நான் என்ன சொல்ல?