மின்னஞ்சலின் அடியில் இருந்த இரண்டு வரிகள்

சந்திரிகாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில், மண்ணையும் பாறையையும் பற்றிப் படிப்பிக்கும் பிரிவின் கணினி அறையில் உதவியாளராக இருந்தாள். அங்குள்ள கணினியும் மின்னஞ்சலும் படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் மட்டுமே என்ற விதித்தாளில் புது மாணவர்களிடம் கையெழுத்து வாங்குவது அவள்தான். மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சடிக்க வந்த விரிவுரையாளர் ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். இப்போது நகரத்தில் அறை எடுத்து இருந்தாலும், அண்ணன் லெட்சுமணனின் குடும்பம் இன்னும் அங்கே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான். 2014 தீபாவளிக்குப் போனபோது, அண்ணன் வீட்டுக்குப் பின்னால் நிலத்தில் ஒரு வெடிப்பைப் பார்த்தாள். விரலை விட்டால் முழுசாக உள்ளே போனது. ஏதோ தோன்றி, போனில் நாலு படம் எடுத்துக்கொண்டாள்.

ஒரு வாரம்தான். கொஸ்லாந்தைப் பக்கம் மலை இறங்கி லயங்களை மூடிவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. சந்திரிகா உடனே அண்ணனை அழைத்தாள்.

"அண்ணே, அந்த வெடிப்பு பெருசாச்சா?"

"அது தண்ணி போற காணு ஒடைஞ்ச எடம்மா. தோட்டத் தொரைகிட்ட சொல்லியாச்சு. பாக்குறோம்னு சொல்லியிருக்காங்க."

"பாத்தாங்களா?"

"நீ சும்மா இரு. புள்ளைங்கள பயமுறுத்தாத."

சும்மா இருக்க முடியவில்லை. பிரதேச செயலகத்துக்குக் கடிதம் போட்டாள். பத்து நாளாகியும் பதில் இல்லை. மழை விடாமல் பெய்தது. வேலை நேரத்தில் எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வந்து உட்கார்ந்தால் போனை எடுத்து அதே படங்களைப் பார்த்தாள்.

பதினோராம் நாள், மதிய இடைவேளையில் அறை வெறுமையாக இருந்தபோது, தன் அலுவலக மின்னஞ்சலைத் திறந்தாள். வெள்ளம், மண்சரிவுகளைக் கவனிக்கும் அனர்த்த முகாமைத்துவ அலுவலகத்துக்குச் சிங்களத்தில் எழுதினாள். நாலு படங்களையும் இணைத்தாள். அடியில் அவள் பெயருக்குக் கீழே, வழக்கம்போல் தானாகவே இரண்டு வரிகள் வந்து நின்றன: பிரிவின் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர். அவற்றைப் பார்த்தாள். அழிக்க ஒரு கணம் போதும். அழிக்காமல் அனுப்பினாள்.

அடுத்த நாளே அதிகாரிகள் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள். பல்கலைக்கழக நிபுணர்கள் ஆபத்து என்று அறிவித்திருக்கிறார்கள், இனி யாரும் இங்கே இருக்கக் கூடாது என்றார்கள். பதினெட்டுக் குடும்பங்கள் அன்று மாலையே தோட்டப் பாடசாலை மண்டபத்துக்குப் போயின.

பல்கலைக்கழகத்தில் விஷயம் மூன்றாம் நாள் வெடித்தது. கணினிகளுக்குப் பொறுப்பான முனாப் சேர் அவளைக் கூப்பிட்டார்.

"என்ன வேலை பாத்து வச்சிருக்கீங்க, சந்திரிகா? பேராசிரியருக்குக் கோல் மேல கோல் வருது. உங்கட அறிக்கை எங்கேன்னு கேக்குறாங்க. அவர் அந்த மலையக் கண்டதே இல்ல."

"என்ட பேர்லதான் சேர் எழுதினேன்."

"கீழே யார்ட பேர் இருந்திச்சு?"

முனாப் குரலைத் தாழ்த்தினார். "விசாரணை வரும். அது தானா விழுந்த வரி, கவனிக்கல்லன்னு சொல்லுங்க. அதோட முடிஞ்சிரும்."

விசாரணைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குப் போனாள். சேலைகளைக் கட்டி மறைத்துப் பதினெட்டுக் குடும்பங்கள். குழந்தைகளுக்குச் சளி. மலசலகூடம் இரண்டே இரண்டு. மழையோ நின்று நல்ல வெயில் அடித்தது. லெட்சுமணன் அவளை வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

"படிச்ச திமிருல செஞ்சிட்ட. ஒன் வேல போகாது. நாங்கதான் இங்க கெடக்குறோம்."

தங்கள் பக்கத்தில் அவள் உட்காரக்கூட யாரும் இடம் விடவில்லை. தெல்தெனியவில் பஸ் மாறும்போது, திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். எதற்கு மன்னிப்பு என்று தெரியவில்லை. கண்டி பஸ்ஸில் ஏறினாள்.

விசாரணையில் பிரதிப் பதிவாளர் அம்மையார் ஒரே கேள்விதான் கேட்டார். "அந்த இரண்டு வரிகளும் இருப்பது உங்களுக்குத் தெரியுமா?"

முனாப் மூலையில் கதிரையில் இருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"தெரியும் மேடம். அத எடுத்துட்டா யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சேன்."

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதம் மின்னஞ்சல் இல்லை. கணினி அறையிலிருந்து நூலகத்தின் புத்தகம் திருப்பும் மேசைக்கு மாற்றினார்கள். முனாப் அதற்குப் பிறகு அவளிடம் சிரித்துப் பேசியதில்லை.

தை மாதம் மண்சரிவு ஆய்வாளர்கள் கருவிகளோடு வந்தார்கள். இரண்டு நாள் மலையை அளந்தார்கள். லெட்சுமணன் வீட்டுக்குப் பின்னால் இருந்தது உடைந்த காணுதான். அதனால் ஆபத்தில்லை. ஆனால் லயத்தின் மறுகோடியில், சந்திரிகா எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில், மேலே தேயிலைக்குள் மலை அசைந்துகொண்டிருந்தது. அங்கே ஐந்து வீடுகள். பதின்மூன்று குடும்பங்கள் திரும்பிப் போகலாம், அந்த ஐந்தும் போகவே கூடாது என்றார்கள்.

"பாத்தியா, நான் சொன்னேன்ல, காணுன்னு" என்றான் லெட்சுமணன் போனில்.

"அந்த அஞ்சு வீடு, அண்ணே?"

"அது வேற" என்றான்.

அந்த ஐந்தில் ஒன்று கொழுந்து பறிக்கும் ரத்தினம்மாவுடையது. வீட்டுப் பக்கத்துக் காய்கறிப் பாத்தியில் அவள் போட்டிருந்த போஞ்சியும் கோவாவும் காவலுக்கு ஆளில்லாமல் காட்டுப்பன்றிக்குப் போயின. மூன்று வருடம் தகரக் கொட்டிலில் இருந்தபின், ரோட்டோரமாக ஐந்து புது வீடுகள் கிடைத்தன. பால் காய்ச்சிய நாளில் சந்திரிகா போனாள், கூப்பிடாமலேதான். ரத்தினம்மா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள்.

"நீ எழுதலன்னா நாங்க இன்னும் அங்கதான் இருந்திருப்போம்" என்றாள்.

கோபமா நன்றியா என்று முகத்தில் தெரியவில்லை. மேலே அந்தச் சரிவு இன்னும் இறங்காமல் அப்படியே நின்றது. பழைய ஐந்து வீடுகளும் கூரையில்லாமல் நின்றன. தேத்தண்ணீரைக் குடித்து முடிக்குமுன் தூறல் விழுந்தது. சந்திரிகா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். ரத்தினம்மாவும் வந்து அவள் பக்கத்தில் நின்று மேலே பார்த்தாள்.