மரகதம் மறைத்த எட்டு நாள் காய்ச்சல்

போன வாரம் செவ்வாய்க்கிழமை. பத்து மணி டீ இன்னும் வரவில்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் செக்ஷனில் மரகதம் மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஓடி வந்து சொன்னார்கள்.

நான் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் பர்சனல் ஆபீசர் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, லீவு கொடுக்காமல் இருப்பது... மூன்றாவதில்தான் எனக்கு நல்ல பெயர்.

ஓடினேன். காப்பர் கம்பிச் சுருள்களுக்கு நடுவே மரகதம் கிடந்தாள். கையைத் தொட்டேன். சுட்டது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? என் மகள் ஷீலா.

ஷீலாவுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஆறு மாதமாக எங்கள் கம்பெனியிலேயே அப்ரண்டிஸ். நான்தான் சேர்த்துவிட்டேன். கண் முன்னாலேயே இருப்பாள், பத்திரமாக இருப்பாள் என்று ஒரு கணக்கு. மரகதத்துக்குப் பக்கத்து இடம். மதியம் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துச் சாப்பிடுகிற சிநேகிதம்.

வேறு சமயமாக இருந்தால் ஒரு சோடா, ஒரு ஆட்டோ என்று முடிந்திருக்கும். இப்போது அப்படியா? சூரத்தில் பிளேக் என்று பேப்பரில் வந்த நாளிலிருந்து ஊரே மூக்கில் கைக்குட்டையோடு திரிகிறது. மெடிக்கல் ஷாப்பில் பிளேக்குக்கான டெட்ராசைக்ளின் மாத்திரை கேட்டால், கடைக்காரர் பதில்கூடச் சொல்லாமல் கையை விரிக்கிறார். எங்கள் தெருவில் ஒரு எலி செத்துக் கிடந்தது. அன்று சாயங்காலமே இரண்டு குடும்பங்கள் மேட்டுப்பாளையம் பஸ் ஏறிவிட்டன.

மரகதத்தின் கணவர் லாரி டிரைவர். சூரத்திலிருந்து சேலை மூட்டை ஏற்றி வருகிற லாரி.

போதாதா? யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது. ஐந்து நிமிஷத்தில் மொத்தக் கம்பெனியும் அதற்குப் பெயர் வைத்துவிட்டது — சூரத் காய்ச்சல். சுற்றி நின்றவர்கள் பத்தடி பின்னால் போனார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... நானும் இரண்டடி பின்னால் போனேன். ஷீலா மட்டும்தான் நகரவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினேன்.

மரகதத்தைக் கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கூடப் போக ஒருவரும் வரவில்லை. பின் சீட்டில் அவள் மட்டும். டிரைவர் தலையை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டிப் போனார்.

அதற்குள் கேட்டருகே கூட்டம். கையில் பை, டிபன் பாக்ஸ். எல்லோருக்கும் உடனே வீட்டுக்குப் போக வேண்டும். அன்னூர் பக்கத்துப் பெண்கள், குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று அழுதார்கள். நான் முதலாளிக்குப் போன் செய்தேன். அறுபதைத் தாண்டிய, குரலை உயர்த்தாத மனிதர். மோட்டார்கள் பாதியில் நிற்கின்றன, இன்று போனால் நாளைக்கு ஆள் வராது என்று கவலைப்பட்டார். கடைசியில், "ரூல் இருக்குதில்லீங்க அம்மணி, அதைச் சொல்லிப்போடுங்க" என்றார்.

அந்த ரூல் நான் போட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்பு எங்களுக்குப் பெரிய தலைவலி, ஆட்கள் நிற்பதில்லை என்பதுதான். வைண்டிங் கற்றுக்கொடுப்போம். கை பழகியதும் அடுத்த தெருக் கம்பெனி கூட்டிக்கொண்டு போய்விடும். நான் யோசித்து ஒரு திட்டம் போட்டேன். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாதவர்களுக்கு ஆயுத பூஜையன்று மேடையில் பிரஷர் குக்கர். லீவு போட்டால் ரிஜிஸ்டரில் ஒரு சிவப்பு வட்டம். தற்காலிக ஆட்களில் யாருக்கு வட்டம் குறைவோ, அவர்கள் முதலில் பெர்மனென்ட்.

லீவு மளமளவென்று குறைந்தது. முதலாளி பாராட்டினார். நம் ஆட்களெல்லாம் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்!

அன்றைக்குக் கேட்டில் நின்று அதைத்தான் சொன்னேன். இப்போது வெளியே போகிறவர்களுக்குச் சிவப்பு வட்டம். கூட்டம் அடங்கிவிட்டது. இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்தபடி உள்ளே திரும்பவும் ஆரம்பித்தார்கள்.

நான் திரும்பி, பக்கத்தில் நின்ற ஷீலாவின் நெற்றியில் புறங்கையை வைத்தேன். கதகதவென்று இருந்தது.

வெயிலில் நின்ற சூடா? என் கைதான் சில்லிட்டுப் போயிருந்ததா? எதையும் யோசிக்கவில்லை. அந்த நிமிஷம் நான் ஆபீசர் இல்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அதே கேட்டை நோக்கி நடந்தேன். யாரைத் தடுத்தேனோ அவர்கள் கண் முன்னாலேயே.

வாட்ச்மேன் ரங்கசாமி சின்னக் கேட்டைத் திறந்துவிட்டார். கையில் நோட்டு, காதில் பேனா.

"ஏனுங்க மேடம்... பாப்பாவுக்குச் செகப்பு வட்டம் போட்டறலாமுங்களா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார், அவ்வளவு பணிவாக. நம் ஊர் மரியாதைக்கு இருக்கிற வலு கன்னத்தில் விடுகிற ஒரு அறைக்குக் கிடையாது. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

யாருக்கும் போட வேண்டாம் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். பயமாக இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போகலாம். காய்ச்சல் இருக்கிறவர்கள் டாக்டரிடம் போகலாம். சம்பளத்தோடு லீவு. வட்டம் கிடையாது. அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா? கிடையாது.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள்.

"எனக்கு மூணு நாளாவே காய்ச்சலுங்க மேடம்."

அவள் பின்னாலேயே இன்னொருத்தி. அப்புறம் மோட்டார் பூட்டுகிற அசெம்பிளியிலிருந்து ஒரு பெரியவர், கூடவே இன்னொருவர். மொத்தம் நான்கு பேர். நான்கு பேரும் தினமும் என்னைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்கிறார்கள். வணக்கம் சொல்லிவிட்டு!

நான்கு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஷீலாவோடு ஆட்டோவில் ஏறினேன். போகும்போதுதான் சொன்னாள். மரகதத்துக்கு எட்டு நாளாகக் காய்ச்சலாம். இவளுக்கு முதல் நாளே தெரியுமாம். எங்கள் வீட்டு அலமாரியிலிருந்துதான் தினமும் மாத்திரை போயிருக்கிறது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கண்ணு?"

"உங்கிட்ட எப்படிம்மா சொல்றது? நீ ஆபீசராச்சே."



டாக்டர் ஷீலாவுக்குத் தெர்மாமீட்டர் வைத்தார். தொண்ணூற்றொன்பதரை. பிளேக் மாதிரி தெரியவில்லை என்றார். ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்தது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், ஆரம்பத்தில் ரத்தத்தில் தெரியாது, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் எப்படி இருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்கு நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

மரகதத்துக்கு டைபாய்டு. மற்ற நான்கு பேருக்கும் அதே சந்தேகம். அவள் கணவரின் லாரி கியர் பாக்ஸ் உடைந்து ஒரு மாதமாக அன்னூரிலேயே நிற்கிறதாம். சூரத் பக்கமே போகவில்லை. அதை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. டாக்டர் வேறொன்று கேட்டார் — இவர்களெல்லாம் எங்கே தண்ணீர் குடிக்கிறார்கள்? அன்றே கம்பெனித் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தோம். உள்ளே என்ன இருந்தது என்று எழுதமாட்டேன். நீங்கள் காபி குடித்துக்கொண்டிருக்கலாம். நாங்களெல்லோரும் மூக்கை மூடிக்கொண்டு சூரத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். ஷீலாவும் ஆறு மாதமாக அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள்.

வார்டில் மரகதத்தைப் பார்க்கப் போனேன். ஒரு குக்கருக்காகவா உயிரைப் பணயம் வைத்தாய் என்று கடிந்துகொண்டேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது.

"குக்கர் கெடக்குதுங்க மேடம். வட்டம் உளுந்துருச்சுன்னா பெர்மனென்ட் ஆவாதுங்களே. எனக்கு ஒண்ணுகூட இல்லீங்க... ஆயுத பூஜைக்கு இன்னும் பத்து நாள்தானுங்க இருந்துச்சு."

அவள் பெயருக்கு நேரே ஒரு வட்டமும் இல்லாததைப் பார்த்து, நல்ல பெண் என்று நானே முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை முதலாளி கூப்பிட்டார். என்னைக் கேட்காமல் எப்படிச் சொன்னீர்கள் என்று கோபப்படுவார் என நினைத்தேன். அவருக்குக் கவலைதான். நாளைக்கு எல்லோரும் காய்ச்சல் என்று வந்து நின்றால் என்ன செய்வது என்றார். "இதுவரைக்கும் யாருமே வந்து நிக்கலீங்களே. அதனாலதானுங்க இவ்வளவும்" என்றேன். டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் சம்பளத்தோடு லீவு என்பதற்குச் சம்மதித்தார். மரகதத்தை நான் கேட்டபடியே பெர்மனென்ட் ஆக்கவும் ஒப்புக்கொண்டார். பிறகு ஸ்டோர் ரூம் பக்கம் கையைக் காட்டினார்.

"வாங்கி வெச்ச குக்கரையெல்லாம் என்னம்மணி பண்றது?"

"குடிக்கற தண்ணியைக் கொதிக்க வெக்கலாமுங்க."

செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனவர்களில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் வெள்ளிக்கிழமைக்குள் திரும்பிவிட்டார்கள். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கேட்டைப் பூட்டி நிறுத்தி வைத்தார்களாம். சுவர் ஏறிக் குதித்துப் போனவர்கள் இன்னும் வரவில்லையாம். ஆட்கள் ஏன் நிற்பதில்லை என்று என்னிடம் யோசனை கேட்கிற முதலாளிமார் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். உங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் காய்ச்சல் வருவதில்லையா? அப்படியானால் தயவுசெய்து பயப்படுங்கள். முதலில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பாருங்கள். அதற்கப்புறம் லீவு ரிஜிஸ்டரை.

நாளைக்கு ஷீலாவுக்கு இரண்டாவது டெஸ்ட். இந்த வாரம் முழுக்க அவளிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டுவிட்டேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே சொன்னாள். எந்த 'ஒன்றுமில்லை'யை நம்புவது? ஆபீசருக்குக் கிடைக்கிற பதிலா, அம்மாவுக்குக் கிடைக்கிற பதிலா?

இன்று காலை சமையலறையில் என் பின்னால் வந்து நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. "அம்மா, தலை வலிக்குது... ஒடம்பு லேசாச் சுடற மாதிரி இருக்குது" என்றாள்.

கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. நாளை வரை காத்திருக்கவில்லை, இப்போதே டாக்டரிடம் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும்... சொல்லிவிட்டாளே.